கீழ் போல்ட்டில் போட்ட ஆரஞ்சுக் கோடு

என் பெயர், தகப்பனார் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது முப்பத்தொன்பது. மேற்படி முகவரியில் இரண்டாம் மாடியில் என் கணவருடனும் பள்ளியில் படிக்கும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் பதினான்கு வருடமாக வேலை பார்த்து வருகிறேன். இதே விபத்து தொடர்பாகக் கடந்த திங்கட்கிழமை இதே அறையில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். இது இரண்டாவது. இன்று வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நானாகவே வந்தேன், யாரும் அழைத்து வரவில்லை.

எனக்குச் சொந்தமாக 350 சிசி ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. மூன்று கை மாறி எட்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்தது. என் கணவர் அதை எருமை என்பார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பின்னால் உட்கார்ந்தாலும் தலை சுற்றும் என்பார். வண்டி வாங்கிய வருடமே நான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். குழுவில் இருபத்துமூன்று பேர் இருக்கிறோம், அதில் பெண்கள் நான்கு பேர். வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகைதான் எங்கள் இடம். சனிக்கிழமை மதியம் அங்கே கூடி அவரவர் வண்டியை அவரவரே பிரித்து மாட்டுவோம், வேண்டியபடி மாற்றியமைப்போம், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஓட்டுவோம். நான் டாக்டர் இல்லை, டாக்டர் அனுப்பும் அளவுக்குப் பல் செய்து கொடுப்பவள் என்று எத்தனை முறை சொன்னாலும் குழுவில் என்னைப் பல் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

குழுவில் ஒரு விதி இருக்கிறது. ஆய்வாளர் அதைத் திங்கட்கிழமையே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றாலும் முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேக், சக்கரம், ஹேண்டில்பார் இந்த மூன்றில் எதைக் கழற்றி மாட்டினாலும் மாட்டியவர் 'முடிந்தது' என்று சொல்லக்கூடாது. சரிபார்ப்பவர் என்று நான்கு பேரை வைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் வந்து, இறுக்கத்தை அளந்து டக்கென்று சத்தம் போடும் ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டையும் சோதித்துவிட்டு, போல்ட் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுவார். போல்ட் பிறகு நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். நான்கு பேருக்கும் நான்கு நிறம். கோடு இருக்கும் போல்ட்டை யாரும் மறுபடி தொடமாட்டோம், சந்தேகப்படவும் மாட்டோம். லேத் பட்டறை வைத்திருப்பவரின் நிறம் ஆரஞ்சு. அவரை எல்லோரும் லேத் அண்ணன் என்போம். அவரைத்தான் நீங்கள் செவ்வாய்க்கிழமை கைது செய்து வைத்திருக்கிறீர்கள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு எங்களுக்குச் சாவி ஞாயிறு. அன்று எல்லோருடைய சாவியையும் ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுப்போம், எடுத்த சாவி எந்த வண்டியுடையதோ அதை ஓட்ட வேண்டும். முன்தினம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வண்டி தயாரான போட்டோ, கோடுகள் தெரியும்படி, குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தாக வேண்டும். வராத வண்டியின் சாவி ஹெல்மெட்டில் விழாது. அந்த வண்டிக்காரர் ஞாயிறன்று யார் பின்னாலாவது தொற்றிக்கொண்டு வர வேண்டும். இது ஒரு பெரிய விஷயமா என்று வெளியாட்களுக்குத் தோன்றும். எங்களுக்குப் பெரிய விஷயம்தான்.

நான் மூன்று மாதமாக என் வண்டியின் முன்பக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு வேறொரு வண்டியின் பெரிய டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினேன். அந்த டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் என் வண்டியில் நேராக உட்காராது என்பதால் இடையில் வைக்க ஒரு அலுமினியத் தகடு தேவைப்பட்டது. லேத் அண்ணன்தான் கடைந்து கொடுத்தார். தகட்டில் எந்தக் குறையும் இல்லை, இப்போதும் இல்லை. கேலிப்பரைத் தகட்டோடு பிடித்து நிறுத்துபவை இரண்டு போல்ட்டுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று.

போன சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு நான் கொட்டகைக்குப் போனேன். முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் மாட்டி முடித்ததும் லேத் அண்ணன் வந்து ஆக்ஸில் நட்டையும் ஹேண்டில்பாரின் நான்கு போல்ட்டுகளையும் சோதித்து ஆரஞ்சுக் கோடு போட்டார். அதன் பிறகு கேலிப்பரைப் பார்க்கக் குனிந்தவர், "இத இன்னும் நீ இறுக்கலையேம்மா, முடிச்சுட்டுக் கூப்பிடு" என்றார். சரி என்றேன். மூன்றே கால் மணிக்கு அவருக்கு போன் வந்தது. ரொட்டிக் கடை மாவு பிசையும் இயந்திரத்துக்கு அவர் கடைந்து வைத்திருந்த தண்டை உடனே கொண்டுவந்து மாட்டித் தரச் சொன்னார்கள். "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார், பேனாவை என் மேசையிலேயே வைத்துவிட்டார். அவர் அன்று கொட்டகைக்குத் திரும்பி வரவில்லை. ரொட்டிக் கடையில் கேட்டால் அவர் ஐந்தரை வரை அங்கே இருந்ததைச் சொல்வார்கள்.

அதன் பிறகு நான் கேலிப்பர் வேலையைத் தொடங்கினேன். இரண்டு போல்ட்டையும் விரலால் மட்டும் திருகிவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கேலிப்பர் தானாக நடுவில் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். மேல் போல்ட்டை இறுக்கினேன். கீழ் போல்ட் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மறைவில் இருப்பதால் ஸ்பேனர் போகவில்லை, அதற்குக் குழாய் போன்ற நீள சாக்கெட் வேண்டும். அது அப்போது கொட்டகையின் மறுமூலையில், குழுவில் பெயின்டர் என்று நாங்கள் கூப்பிடுபவரிடம் இருந்தது. கேட்டேன். "அஞ்சு நிமிஷம்" என்றார். பெயின்டரின் ஐந்து நிமிடம் எங்கள் குழுவில் பிரசித்தம். அப்போது மணி மூன்று நாற்பது.

மூன்று மாதம் வேலை செய்த வண்டி. என் கையால் மாற்றிய பிரேக்கை இன்னொருவர் ஓட்டிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. போன இரண்டு சாவி ஞாயிறும் வேலை முடியாமல் நான் எங்கள் குழுவின் வெல்டர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போயிருந்தேன். மூன்று நாற்பத்தொன்றுக்கு வண்டியை ஒரு போட்டோ எடுத்தேன். கோடு இல்லாத கேலிப்பரைப் பார்த்தால் ஏற்கமாட்டார்கள் என்று தோன்றியது. லேத் அண்ணன் வந்துவிடுவார், போட்டோ அனுப்பிவிட்டுக் கீழ் போல்ட்டை முறையாக இறுக்கி, அவர் வந்ததும் சொல்லிச் சோதிக்கவைக்கலாம் என்று எண்ணினேன். மேசையில் இருந்த அவருடைய பேனாவை எடுத்து இரண்டு போல்ட்டிலும் கோடு போட்டேன். பல்லின் விளிம்பில் வேலை செய்து பழகிய கை என்பதால் கோடு அவருடையதைவிட நேராகவே விழுந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பினேன். நீங்கள் ஆதாரமாக வைத்திருப்பது அந்த இரண்டாவது போட்டோதான்.

அனுப்பியதும் பாராட்டுகள் வந்தன. பெயின்டர் அந்த மூலையிலிருந்தே விசில் அடித்தார். நானும் பதில் போட்டுக்கொண்டே இருந்தேன். அதன் நடுவில் என் மகள் போன் செய்து, வீட்டுச் சாவியைத் தவறவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள், அவளை ஐந்து நிமிடம் திட்டினேன். அதன் பிறகு பெயின்டர் நீள சாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டியின் முன்னால் முழங்காலிட்டேன். கீழ் போல்ட்டில் ஆரஞ்சுக் கோடு இருந்தது.

இதை எப்படி எழுதிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு முன் நானே போட்ட கோடு அது. ஆனால் எட்டு வருடமாகக் கோட்டைக் கண்டால் கை விலகிவிடும்படி பழகியிருக்கிறது. அது முடிந்துவிட்டது என்று கண் பார்த்தது, கை சாக்கெட்டைக் கீழே வைத்தது. ஒரு நொடி எதையோ மறந்ததுபோல் நின்றேன். மகள் படியில் இருக்கிறாள், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கருவிகளைத் துடைத்து மாட்டிவிட்டு வண்டியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ஊரை ஏமாற்றப் போட்ட கோட்டை நம்பிய முதல் ஆள் நான்தான்.

கொட்டகை பூட்டியிருந்ததா, வேறு யாராவது வண்டியைத் தொட்டிருக்க முடியுமா என்று ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். பூட்டியிருந்தது. யாரும் தொடவில்லை. தொடுவதற்குக் காரணமும் இல்லை, கோடு இருந்ததே.

மறுநாள் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஹெல்மெட்டைக் குலுக்கினார்கள். என் சாவி கணக்கு வாத்தியாருக்குப் போயிற்று. அவருக்கு வயது ஐம்பத்தேழு, குழுவிலேயே நிதானமானவர், அவர் பின்னால் போனால் நமக்குத் தூக்கம் வரும் என்று கிண்டல் செய்வோம். "பல் டாக்டரம்மா, உங்க வண்டிய பூப்போல பாத்துக்கிறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கு வெல்டரின் வண்டி கிடைத்தது. எழுபது நிமிடம் ஓட்டியபின் மலை அடிவாரத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். அங்கே வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரேக்கு அருமைம்மா. ஆனா முன்னாடி ஏதோ டிக் டிக்னு ஒரு சத்தம் வருது. பாத்துடலாமா?" என்றார்.

முதல் பாதியை மட்டும் என் காது எடுத்துக்கொண்டது. நின்றபடியே எட்டிப் பார்த்தேன், மேல் போல்ட்டின் ஆரஞ்சு தெரிந்தது. கீழ் போல்ட்டைப் பார்க்க வேண்டுமானால் முழங்காலிட வேண்டும், கையில் தேநீர் இருந்தது. "புது பிரேக் பேட் சார், கொஞ்சம் ஓடினா சரியாயிடும். அண்ணன் கோடே போட்டிருக்காரு பாருங்க" என்றேன். அவர் தலையாட்டினார். வாத்தியார் இதை உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. வலியில் மறந்திருக்கலாம், மறக்காமலும் இருக்கலாம். நான் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு மலையேறி, மறுபக்கம் இறங்கும்போது எட்டேமுக்கால் மணி இருக்கும். வாத்தியாருக்கு இரண்டு வண்டி பின்னால் நான் இருந்தேன். மூன்றாவது வளைவுக்கு முன் அவருடைய பிரேக் விளக்கு எரிந்தது. அப்போது கேலிப்பர் கீழ்ப்பக்கம் பிடிப்பில்லாமல் சுழன்று சக்கரக் கம்பிகளுக்குள் போயிருக்க வேண்டும். சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டியின் பின்பக்கம் எழும்பியது, வாத்தியார் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய்த் தடுப்புக்கல்லில் விழுந்தார். நான் ஓடிப் போனபோது கண் திறந்திருந்தது. "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். வலது தொடை எலும்பும் காரை எலும்பும் முறிந்திருந்தன. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது, அதுவரை ஹெல்மெட்டோடு அவர் தலையை லேத் அண்ணன் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவரை ஏற்றி அனுப்பியபின் வண்டியைப் பார்த்தேன். கீழ் போல்ட் இருந்த இடத்தில் வெறும் துளை இருந்தது. அப்போதுதான் சனிக்கிழமை நடந்தது முழுதும் எனக்கு நினைவு வந்தது. அப்படியே தடுப்புக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துவிட்டேன் என்று நினைத்துக் குழுவினர் தண்ணீர் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை வாத்தியாரின் மருமகன் புகார் கொடுத்தார். அன்று மதியம் எங்களில் ஆறு பேரை ஆய்வாளர் அழைத்து விசாரித்தார். போட்டோவைக் காட்டி ஆரஞ்சு யாருடைய நிறம் என்று என்னிடம் கேட்டார். லேத் அண்ணனுடையது என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்று வெளியே வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை அடுத்து லேத் அண்ணனை உள்ளே அழைத்தார்கள். அவர் மறுக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. "ஆரஞ்சு இருந்தா நான்தான் சார் பாத்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்று அவர் ஐந்து வண்டிகளில் அறுபது போல்ட்டாவது சோதித்திருப்பார், எது எது என்று அவருக்கு நினைவில்லை, ரொட்டிக் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதையும் பார்த்திருப்பேன் என்று எண்ணியிருக்கிறார். தன் நிறத்தை அவர் நம்பினார்.

செவ்வாய்க்கிழமை வேலையில் ஒரே கிழவரின் பல் செட்டை இரண்டு முறை பாழாக்கினேன். அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்புகள் வாசிப்பவர், நாளெல்லாம் ஒலிபெருக்கியில் பேசும் மனிதர். அன்று மகளுக்குக் கேட்கக்கூடாது என்று என் காதோடு பேசினார்.

"யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தான். அந்த ரெண்டு போட்டோல மொதல் போட்டோவ அழிச்சுடு. வாத்தியார் பொழச்சுட்டாரு. லேத் அண்ணனும் நாலு நாள்ல வெளிய வந்துடுவாரு. நீ உள்ள போனா புள்ளய யார் பாக்குறது?"

அவர் கெட்டவர் இல்லை. பயத்தில் சொன்னார், அதைக் குற்றமாக எழுத வேண்டாம். நானும் அழிக்கத்தான் போனை எடுத்தேன். விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழிக்கவில்லை. நல்ல எண்ணத்தினால் அல்ல, அழித்தால் அது தெரிந்துவிடுமோ என்ற பயம் இதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று நாற்பத்தொன்றுக்கு எடுத்த கோடில்லாத போட்டோவும் மூன்று ஐம்பத்திரண்டின் போட்டோவும் நேரத்தோடு அந்த போனில் இருக்கின்றன. போனை இப்போது மேசைமேல் வைக்கிறேன். இரண்டு நேரத்திலும் லேத் அண்ணன் ரொட்டிக் கடையில் இருந்தார்.

நேற்று புதன்கிழமை மாலை லேத் அண்ணனின் மனைவி மாற்றுத் துணி கொண்டுவரும்போது துணைக்கு வரச் சொன்னார். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, வந்தேன். உங்கள் காவலர் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். அண்ணன் சவரம் செய்யாமல் இருந்தார். மனைவியிடம் பட்டறையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கீழ் போல்ட்ட எப்படிப் பாத்தேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்மா. டக்குனு சத்தம் கேட்டுச்சா இல்லையான்னு ஞாபகமே வரல. கேட்காமயே கோடு போட்டிருப்பேன் போல. இனிமே கோடு போடுற வேலை எனக்கு வேணாம், வேற ஆளப் பாத்துக்கங்க. மூணு மாசம் பாடுபட்ட வண்டிய நாசம் பண்ணிட்டேன். வாத்தியார் காலையும் ஒடச்சுட்டேன். என்னை மன்னிச்சுடு தங்கச்சி" என்றார்.

அவர் கும்பிடவும் செய்தார். நான், "பரவாயில்லைண்ணே, விடுங்க" என்றேன். சொல்லிவிட்டேன். மூடியிருந்த வாயிலிருந்து அது தானாக வந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு எவ்ளோ பெரிய மனசு" என்று அழுதார். அதன் பிறகு வீட்டுக்குப் போய் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன், இன்று காலை அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக இங்கே வந்தேன். என் கணவருக்கு நான் வந்தது தெரியாது.

கோடு போட்டது, கீழ் போல்ட்டை இறுக்காமல் விட்டது, வாத்தியார் சொன்ன சத்தத்தை அலட்சியம் செய்தது, திங்கட்கிழமை வாய் மூடியது, எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. லேத் அண்ணன் அந்த இரண்டு போல்ட்டையும் தொடவில்லை. இதை முதலில் அவருக்குச் சொல்லிவிடும்படி ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டேன். இல்லாத ஒன்றை நினைவில் தேடித் தேடி அவர் சோறு இறங்காமல் இருக்கிறார். என்னிடம் மன்னிப்புக் கேட்டவரை நான் மன்னித்ததையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் பேனாவை நிறுத்தினார். நான் செய்ததிலேயே அதுதான் பெரியது, எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இந்தத் தாள்களை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார், நானும் ஒருமுறை வாசித்துக்கொண்டேன். திங்கட்கிழமை நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஆனால் அது உண்மையும் இல்லை. இதில் உள்ளதே உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. இதை ஒப்புக்கொண்டு ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து இட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)
வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு இருபது